லிஃப்ட் கேட்பது ஏன் அருகிப்போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையோரம் நின்று கை காட்டி, முன்பின் தெரியாத ஒருவரின் வண்டியில் ஏறிப் போவது ஒரு காலத்தில் யாருக்கும் வியப்பாக இருந்ததில்லை. இன்று அப்படி நிற்பவரைப் பார்த்தால் பலரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது, மனிதர்கள் கெட்டுப்போனார்களா, நம் ஊரில் லிஃப்ட் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். விஷயம் அப்படி.

லிஃப்ட் கேட்பது உண்மையிலேயே குறைந்துவிட்டதா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

குறைந்துவிட்டது. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 1970கள் வரை, நெடுஞ்சாலை தொடங்கும் முனைகளில் மாணவர்களும், விடுப்பில் வீடு திரும்பும் சிப்பாய்களும், வேலை தேடிப் போகிறவர்களும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்பது அன்றாடக் காட்சி. நெதர்லாந்தில் லிஃப்ட் கேட்பவர்கள் நிற்பதற்கென்றே பலகை வைத்து இடம் ஒதுக்கினார்கள். அந்த நாடுகளில் இன்று அப்படி நிற்பவரைக் காண்பது அரிது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கியூபாவிலும் ஜார்ஜியாவிலும் ருமேனியாவின் கிராமப்புறங்களிலும் இன்றும் கை காட்டினால் வண்டி நிற்கிறது. நம் ஊரில் பஸ் எப்போதாவது வரும் கிளைச் சாலைகளில் நிற்கிறது. வண்டி வைத்திருப்பவர் குறைவாகவும் போக்குவரத்து வசதி அரிதாகவும் உள்ள இடங்களில்தான் இந்த வழக்கம் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்காவில் இது அவ்வளவு சாதாரணமாக இருந்தது எப்படி?

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர்விட்டு ஊர் போனார்கள். ரயிலுக்குக் காசில்லை, ரோட்டில் கார்கள் இருந்தன. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு ரேஷன். டயர் செய்ய ரப்பர் தட்டுப்பாடு. காரில் தனியாகப் போகாதீர்கள் என்று அரசே பிரச்சாரம் செய்தது. 1943ல் வந்த ஓர் அரசு போஸ்டரில், கார் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் ஹிட்லரின் உருவம் வெறும் கோடுகளாக உட்கார்ந்திருக்கும். நீ தனியாகப் போனால் ஹிட்லரோடு போகிறாய் என்று மேலே எழுதியிருக்கும். சீருடையில் சாலையோரம் நிற்கும் சிப்பாயைப் பார்த்தும் நிறுத்தாமல் போவது அந்த நாட்களில் வெட்கப்பட வேண்டிய காரியம்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காலத்து மனிதர்கள் இயல்பிலேயே நல்லவர்கள், அதனால் அந்நியரை ஏற்றிக்கொண்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அரசு கேட்டுக்கொண்டது, அக்கம்பக்கத்தார் எல்லாரும் செய்தார்கள், ஏற்றிக்கொள்ளும் தேவை கண்ணெதிரே நின்றது. இவை சேர்ந்துதான் அந்தப் பழக்கம் வேரூன்றியது. தேவை போனதும் பழக்கம் தளர்ந்தது.

சரி, அப்புறம் என்னதான் ஆனது?

முதலில் சாலை மாறியது. அமெரிக்காவில் 1956ல் அதிபர் ஐசனோவர் ஆட்சியில் வந்த சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் பெரும் நெடுஞ்சாலைகள் போடத் தொடங்கினார்கள். அவற்றில் பெரும்பாலான இடங்களில் நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை. பிரிட்டனிலும் 1959ல் எம்1 என்ற விரைவுச் சாலை (மோட்டார்வே) திறக்கப்பட்ட பிறகு அதே கதைதான், மோட்டார்வே ஓரத்தில் நின்று கை காட்ட முடியாது. லிஃப்ட் கொடுப்பதற்கு ஓட்டுநர் நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், உடையை, பையை, நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும், மனதுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும், அதற்கப்புறம் வண்டியை ஓரங்கட்ட இடமும் வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இதில் எதுவும் நடக்காது.

அடுத்தது கார். அமெரிக்காவில் 1960ல் ஐந்தில் ஒரு குடும்பத்திடம் வண்டி இல்லை. 2010ல் அப்படிப்பட்ட குடும்பங்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 1978ல் விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு போனதும் டிக்கெட் விலை இறங்கியது. பிரிட்டனில் 1974ல் மாணவர்களுக்குச் சலுகை ரயில் அட்டை வந்தது. முன்பு கட்டைவிரலை நீட்டிய அதே பையன் இப்போது டிக்கெட் வாங்கினான்.

மூன்றாவது, பயம். ஜே. எட்கர் ஹூவர் தலைமையில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வெளியிட்ட போஸ்டர் ஒன்று, சாலையோரம் நிற்பவர் உல்லாசப் பயணியா, தப்பி ஓடும் குற்றவாளியா, இனிய வழித்துணையா, கொலைகாரனா என்று வாகன ஓட்டிகளைக் கேட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்றிக்கொள் என்று சொன்ன அரசாங்கம்தான் இதையும் சொன்னது.

கொலைகள் நடந்தது உண்மைதானே?

உண்மை. அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசக் கூடாது.

1972, 73ல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பகுதியில் எட்மண்ட் கெம்பர் லிஃப்ட் கேட்ட மாணவிகளைக் காரில் ஏற்றிக் கொன்றான். மாணவிகள் காணாமல் போகத் தொடங்கியதும், பல்கலைக்கழக ஸ்டிக்கர் ஒட்டிய கார்களில் மட்டும் ஏறுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. கெம்பரின் தாய் அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அவன் காரில் அந்த ஸ்டிக்கர் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஐவன் மிலாட் ஹியூம் நெடுஞ்சாலையில் முதுகுப் பையோடு நின்ற இளம் பயணிகளை ஏற்றிக் கொன்றான். பெலாங்லோ காட்டில் 1992, 93ல் ஏழு உடல்கள் கிடைத்தன. 1996ல் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு தலைமுறைப் பெற்றோர் இந்தச் செய்திகளைப் படித்துத்தான் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அதே கலிஃபோர்னியாவில், அதே பதற்றத்துக்கு நடுவில், 1974ல் மாநில நெடுஞ்சாலைக் காவல்துறை ஓர் ஆய்வு செய்தது. மாநிலத்தில் பதிவான குற்றங்களில் லிஃப்டோடு தொடர்புடையவை 0.63 சதவீதம். லிஃப்ட் கேட்டுப் போகிறவர்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் குற்றங்களிலோ விபத்துகளிலோ சிக்குகிறார்கள் என்று காட்ட ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. ஆனால் லிஃப்டால் பாதிக்கப்படுபவர்களில் பெண்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்படியென்றால் முதல் காரணம் பயமா, காரா?

கார் என்பது என் கருத்து. மிலாட் பற்றி உலகம் கேள்விப்படுவதற்கு முன்பே ஐரோப்பாவில் கூட்டம் குறையத் தொடங்கிவிட்டது. வண்டி வாங்கியவர், ரயில் அட்டை வாங்கியவர் எல்லாம் ஒவ்வொருவராகச் சாலையோரத்தை விட்டுப் போனார்கள். கடைசியில் நின்றவர்கள் வேறு வழியே இல்லாதவர்கள். நூறு பேர் நிற்கும் இடத்தில் நிற்பவர் சாதாரண மனிதர். ஒருவர் மட்டும் நின்றால், இவர் ஏன் நிற்கிறார், இவருக்கு என்ன பிரச்சினை என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வருகிறது. நிறுத்துகிறவர் விஷயத்திலும் இதே கதைதான். யாருமே நிறுத்தாத சாலையில் ஒருவர் நிறுத்தினால், இவர் ஏன் நிறுத்துகிறார் என்று நிற்பவருக்குப் பயம் வருகிறது. இப்படி எண்ணிக்கை குறையக் குறையச் சந்தேகம் வளர்ந்தது, சந்தேகம் வளர வளர எண்ணிக்கை இன்னும் குறைந்தது.

மனிதர்கள் மேல் நம்பிக்கை குறைந்ததை அளக்க முடியுமா?

ஓரளவுக்கு. அமெரிக்காவில் பொதுச் சமூகக் கணக்கெடுப்பு என்று ஒன்றை 1972 முதல் நடத்தி வருகிறார்கள். பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, இல்லை எச்சரிக்கையாக இருப்பது நல்லதா என்பது அதில் ஒரு கேள்வி. 1972ல் 46 சதவீதம் பேர் நம்பலாம் என்றார்கள். 2018ல் அது 34 சதவீதம். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளில் இதே மாதிரிக் கேள்விக்குப் பத்தில் ஆறு பேருக்கு மேல் நம்பலாம் என்கிறார்கள்.

இந்த நாடுகளின் சாலையோரங்களில் லிஃப்ட் கேட்பவர்கள் நிரம்பி வழிகிறார்களா என்றால், அதுவும் இல்லை. நம்பிக்கை அதிகம் உள்ள நாட்டிலும் பஸ்ஸும் ரயிலும் சொந்தக் காரும் இருந்தால் லிஃப்ட் கேட்க ஆள் இருப்பதில்லை. ஆகவே லிஃப்ட் குறைந்ததை மட்டும் வைத்து மனிதநேயம் செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் அந்த மாதிரிச் செய்திகளை நம்பாதீர்கள்.

அரசாங்கமே முன்னின்று லிஃப்டை நடத்திய நாடு உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால போலந்து.

1950களின் கடைசியில் அங்கே லிஃப்ட் பயணத்துக்கென்று ஒரு சிறு புத்தகம் விற்றார்கள். கோடைகாலத்தில் ஊர் சுற்றக் கிளம்பும் இளைஞர்கள் அதை வாங்குவார்கள். உள்ளே கிலோமீட்டர் அச்சிட்ட கூப்பன்கள் இருக்கும். சாலையில் நின்று புத்தகத்தை ஆட்டிக் காட்டினால் லாரியோ காரோ நிற்கும். இறங்கும்போது எவ்வளவு தூரம் வந்தோமோ அதற்கான கூப்பனைக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் கூப்பன்களைச் சேர்த்து அனுப்பினால் சீசன் முடிவில் பரிசு கிடைக்க வாய்ப்பு உண்டு. புத்தகத்தை வாங்கும்போதே பயணியின் பெயர் பதிவாகிவிடும் என்பதால் ஓட்டுநருக்கும் தைரியம். கையில் புத்தகம் இருக்கிறது, ஊரறிய வந்த பிள்ளை என்கிற எண்ணம் இரண்டு பக்கமும் இருந்தது. 1990களின் நடுப்பகுதி வரை இந்தத் திட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஆட்சி மாறி, சாலை முழுக்கச் சொந்தக் கார்கள் வந்துவிட்டன.

கியூபாவில் கதை வேறு. 1991ல் சோவியத் யூனியன் உடைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த மலிவு எண்ணெய் நின்றது. பஸ்கள் ஓடவில்லை. அப்போது அரசு, முக்கியமான சந்திப்புகளில் மஞ்சள் சீருடை போட்ட ஊழியர்களை நிறுத்தியது. அரசு வாகனம் காலி இருக்கையோடு வந்தால் கை காட்டி நிறுத்துவது அவர்கள் வேலை. எங்கே போகிறது என்று கேட்டு, அந்தத் திசைக்குக் காத்திருப்பவர்களை வரிசைப்படி ஏற்றிவிடுவார்கள். டாக்டரும் விவசாயியும் பள்ளிப் பிள்ளையும் ஒரே லாரியின் பின்பக்கம் நின்று போனார்கள். நாடு முழுக்கத் திண்டாடிய காலம் அது, அதில் கொண்டாட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சந்திப்பில் நிற்கும் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் இருந்ததால், முன்பின் தெரியாத வண்டியில் ஏறும் பெண்ணுக்கு இருந்த பயத்தில் பாதியாவது குறைந்தது. நம்பிக்கைக்கு இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது.

இன்றைய பெருநகரத்தில் இது சாத்தியமா?

வாஷிங்டனில் நடக்கிறது. வர்ஜீனியா மாநிலத்திலிருந்து தலைநகருக்குள் வரும் நெடுஞ்சாலையில், மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் கார்களுக்கென்று விரைவுத் தடம் உண்டு. தனியாக வருபவர் நெரிசலில் மாட்டுவார். அதனால் 1970களிலிருந்தே ஒரு வழக்கம் தானாக முளைத்தது. காலையில் குறிப்பிட்ட பார்க்கிங் இடங்களில் அலுவலகம் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கார் வந்து நிற்கும், ஓட்டுநர் போகுமிடத்தைச் சொல்வார், வரிசையில் முதல் இரண்டு பேர் ஏறிக்கொள்வார்கள். இதற்கு ஸ்லக்கிங் என்று பெயர். காசு கிடையாது. ஓட்டுநர் பேசினால் ஒழியப் பயணி பேசக் கூடாது. ரேடியோவில் என்ன ஓடுவது என்பது ஓட்டுநர் விருப்பம். வரிசையில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறிப்போகக் கூடாது. கடைசியில் சொன்ன விதியை யாரும் சட்டமாகப் போடவில்லை, நிற்பவர்களே வகுத்துக்கொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பே பாலத்திலும் இதேபோல் நடந்து வந்தது. 2020ல் கொரோனா வந்ததும் நின்றுபோனது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

தென்மாவட்டங்களில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடத்தை விலக்கு என்பார்கள். வெளியூர் பஸ் விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஊர் மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும். டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் இறங்கியவர்கள் புளியமரத்தடியில் நிற்பார்கள். ஒரு பாட்டி, மடியில் மாத்திரை கவர், கையில் கட்டைப்பை. உள்ளே போகும் பைக்கைப் பார்த்து அவர் கட்டைவிரலெல்லாம் நீட்ட மாட்டார். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து லேசாக ஆட்டுவார். பைக் நிற்கும். "ஐயா, ஊருக்குள்ளயா போற?" என்பார். பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, ஒரு கையால் ஓட்டுபவர் தோளைப் பிடித்துக்கொள்வார். போகிற வழியிலேயே ஓட்டுபவரின் அப்பா யார், கல்யாணம் ஆயிற்றா, தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறது எல்லாம் கேட்டு முடித்துவிடுவார்.

இது இன்னும் இருக்கிறது. ஆனால் மெலிந்துவிட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 11.7 சதவீத வீடுகளில்தான் இருசக்கர வாகனம் இருந்தது. 2011ல் 21 சதவீதம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஏறத்தாழப் பாதி வீடுகள். வீட்டில் பைக் வந்ததும் விலக்குக்கு மகனோ பேரனோ வந்து கூட்டிப்போகிறார்கள், செல்போனில் ஒரு மிஸ்டு கால் போதும். மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் வந்தன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல விஷயம், காத்திருந்தால் காசில்லாமலே வீடு போகலாம். நான்குவழிச் சாலைகளும் பைபாஸ்களும் வந்தபின் வெளியூர் வண்டிகள் ஊருக்குள்ளேயே வருவதில்லை.

மிச்சம் இருப்பவர்கள், வீட்டில் வண்டி இல்லாதவர்கள், வந்து கூட்டிப்போகப் பிள்ளைகள் ஊரில் இல்லாதவர்கள். லிஃப்ட் குறைந்ததால் உண்மையில் நஷ்டப்படுவது இவர்கள்தான். பஸ் ஏறிக் காஷ்மீர் போக வசதி இருந்தும் லாரியில் போகிற இளைஞர்கள் அல்ல.

அந்தக் காலத்துக் கிராமத்தில் எல்லாரும் எல்லாரையும் நம்பினார்கள் இல்லையா?

இல்லை. இதைச் சொல்லாமல் பழைய காலத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி "எந்த ஊரு?" அடுத்தது "யாரு வீட்டுப் பிள்ளை?" அதற்கடுத்து "எந்தத் தெரு?" கடைசிக் கேள்வி எதற்கு என்று நம் எல்லாருக்கும் தெரியும். பதில் சொல்லத் தயங்க வேண்டியிருந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை ஒருபோதும் கிடைத்ததில்லை. அவர்களில் பலர் கை காட்டாமல் நடந்தே போனார்கள். நகரத்து அந்நியர் தெருவைக் கேட்பதில்லை. அதில் ஒரு விடுதலை இருக்கிறது, அதை இழப்பாகக் கணக்கு வைக்கக் கூடாது.

பெண்கள் லிஃப்ட் கேட்கலாமா, கொடுக்கலாமா?

ஆண்கள் இதற்கு அறிவுரை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமையை மறந்துவிட்டு ஒரு பெண் முன்பின் தெரியாத வண்டியில் ஏற முடியாது, அந்தப் பயம் நியாயமானது. மறுக்கும் பெண்ணிடம் "நல்லதுக்குத்தானே கேட்டேன்" என்று இரண்டாவது முறை கேட்காதீர்கள். ஒருமுறை வேண்டாம் என்றால் வண்டியை எடுத்துவிடுங்கள்.

நம்பிக்கை தரும் மாற்றம் ஒன்று உண்டு. ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் பெருகிவிட்டார்கள். வேலைக்குப் போகும் டீச்சர், நர்ஸ், நூறுநாள் வேலை பார்க்கும் அக்கா என்று ஒருவரை ஒருவர் ஏற்றிக்கொண்டு போவதைக் கிளைச்சாலைகளில் இப்போது நிறையவே பார்க்கலாம். பஸ் ஸ்டாப்பில் நிற்பவரிடம் "வரீங்களாக்கா?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

லிஃப்ட் கொடுப்பது சட்டப்படி குற்றமா?

காசு வாங்காமல் ஒருவரை ஏற்றிச் செல்வது குற்றமில்லை. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவதுதான் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66வது பிரிவு பயணிகள் வாகனத்துக்குப் பெர்மிட் கேட்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், காசு வாங்கவில்லை என்பதைச் சாலையில் நிரூபிப்பதில். 2018ல் மும்பையை ஒட்டிய பகுதியில் மழையில் நின்ற சிலரைக் காரில் ஏற்றிய ஒருவருக்கு இதே பிரிவில் வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் 1,500 ரூபாய் அபராதம் கட்ட வைத்தார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி அது. உதவி செய்தவருக்கே அபராதம் என்று ஒரு செய்தி வந்தால் எத்தனை பேர் அன்றிலிருந்து நிறுத்தாமல் போயிருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்நியர் மீதான பயத்தைவிட, பின்னால் வரும் விசாரணை மீதான பயம் நம் ஊரில் பெரிது.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. உங்கள் பாலிசி வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருந்தால், பின்சீட்டில் இலவசமாக உட்கார்ந்து வந்தவருக்கு நஷ்டஈடு கிடைக்காது. 2008ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காம்ப்ரிஹென்சிவ் அல்லது பேக்கேஜ் பாலிசி என்றால் பின்சீட்டுக்காரரும் காரில் இருப்பவரும் உள்ளடக்கம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009ல் இதை உறுதிப்படுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது. வண்டி பழசாகிவிட்டது என்று பலரும் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுகிறார்கள். அடிக்கடி யாரையாவது ஏற்றிச் செல்பவர் அந்தக் காகிதத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

லாரி, குட்டியானை போன்ற சரக்கு வண்டியில் லிஃப்ட் வாங்கிப் போனால் நிலைமை இன்னும் மோசம். சரக்கின் சொந்தக்காரர் கூட வந்தால் காப்பீடு உண்டு. சும்மா ஏறிய பயணிக்குக் கிடையாது.

ஹெல்மெட்?

பின்சீட்டுக்காரருக்கும் கட்டாயம். சென்னையில் 2022 மே முதல் போலீஸ் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. பட்டணத்தில் லிஃப்ட் கொடுப்பது குறைய இதுவும் ஒரு காரணம். விதியைக் குறை சொல்ல முடியாது, தலை அடிபட்டால் போவது உயிர். முடிந்தால் இன்னொரு ஹெல்மெட்டைப் பின்னால் மாட்டி வைத்திருங்கள்.

அடிபட்டுக் கிடப்பவரை ஏற்றிப்போனால் கேஸில் மாட்டுவோமா?

மாட்ட மாட்டீர்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்புத் தந்தது, 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே அதைச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் பெயரைக்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. ஆகவே தயங்காமல் ஏற்றுங்கள்.

செயலியில் புக் செய்து தினமும் அந்நியர் பைக்கில் ஏறுகிறோமே, அது நம்பிக்கை இல்லையா?

நம்பிக்கைதான், ஆனால் ஓட்டுகிற மனிதர் மேல் அல்ல. அவர் பெயர், நம்பர் பிளேட், போகிற பாதை எல்லாம் எங்கோ பதிவாகிறது என்ற நம்பிக்கை. போலந்தின் கூப்பன் புத்தகம் செய்த வேலையைத்தான் இப்போது ஓடிபி செய்கிறது. பிரான்சில் 2006ல் தொடங்கி, 2015ல் இந்தியாவுக்கு வந்த ப்ளாப்ளாகார் என்ற செயலி வெளியூர் போகும் காரில் காலி இருக்கையைப் பகிர வழிசெய்தது. செலவில் பங்கு கொடுத்துவிடுவதால் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. பலருக்கு இதுதான் வசதி.

செயலி காவல் தெய்வம் அல்ல என்பதும் நமக்குத் தெரியும். 2014 டிசம்பரில் டெல்லியில் உபர் டாக்சி ஓட்டுநர் ஒருவர் பயணியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு நாட்டையே உலுக்கியது. அதன்பிறகுதான் அவசர பட்டன், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் கண்டிப்பானது.

எனக்குள்ள வருத்தம் இதுதான். செயலி, போன் வைத்திருப்பவருக்கும் அதில் பணம் கட்டத் தெரிந்தவருக்கும் உதவுகிறது. விலக்கில் நிற்கும் பாட்டிக்கு உதவுவதில்லை. அவருக்கு இன்றும் யாராவது பைக்கை நிறுத்தியாக வேண்டும்.

லிஃப்ட் கொடுக்க ஆசை, ஆனால் பயம். என்ன செய்யலாம்?

உங்கள் வழக்கமான பாதையில் தொடங்குங்கள். தினமும் போகும் சாலையில் தினமும் நிற்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஏற்றி, அப்படிப்பட்ட இடத்திலேயே இறக்குங்கள். நிறுத்தியதும் போகுமிடத்தை அவரையே சொல்லவிடுங்கள், நீங்கள் முந்திச் சொன்னால் "நானும் அங்கேதான்" என்பது எளிது. மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் "பக்கத்துலயே திரும்பிடுவேன்" என்று சொல்லிக் கிளம்புங்கள், விளக்கம் தர வேண்டியதில்லை. போனையும் பணப்பையையும் பின்பக்கப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். குடித்தவரை பைக்கில் ஏற்றாதீர்கள், விழுந்தால் இருவருக்கும் ஆபத்து.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை காட்டினால்?

அரசு பஸ் பாஸ் கையில் இருந்தும் பிள்ளைகள் கை காட்டுகிறார்கள் என்றால், பள்ளி விடும் நேரத்துக்கு அந்த வழியில் பஸ் இல்லை, அல்லது படிக்கட்டில் தொங்கும் அளவுக்குக் கூட்டம் என்று பொருள். தெரிந்த பிள்ளை என்றால் ஏற்றலாம். ஒருவரை மட்டும், மெதுவாக, ஊர் நடுவில் இறக்கிவிடுங்கள். மூன்று பேரைத் திணிக்காதீர்கள். தெரியாத பிள்ளையாக இருந்தால், கூட வரும் பிள்ளைகளோடு நடந்து போகச் சொல்வது அவர்களுக்கும் நல்லது, யார் வண்டியிலும் ஏறும் பழக்கம் வராது.

அதோடு விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுங்கள். விலக்கின் பெயர், பள்ளி விடும் நேரம், எத்தனை பிள்ளைகள், கடைசி பஸ் எத்தனை மணிக்குப் போகிறது என்று எழுதுங்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்தும் ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் இருந்தால் நல்லது. மனுவின் நகல் ஒன்றைப் பஸ் டிப்போ மேனேஜரிடமும் கொடுத்து, வாங்கியதற்குச் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.